பெட்ரோல் முள் அசையவில்லையா? மீட்டரில் கை வைக்கும் முன்

டேங்க் நிறையப் பெட்ரோல் போட்ட பிறகும் முள் காலியிலேயே கிடந்தால் பலருக்கும் முதல் சந்தேகம் டேஷ்போர்டு மீட்டர் மீதுதான். பழுது பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. டேங்கிற்குள்ளோ, அங்கிருந்து வரும் வயரிலோதான் இருக்கும். அதனால் எதையும் வாங்குவதற்கு முன், கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டும். இங்கே சொல்லும் முறை, டேங்க் யூனிட்டிலிருந்து மீட்டருக்கு நேராக வயர் போகும் பழைய பெட்ரோல் கார்களுக்கு. அளவு கம்ப்யூட்டர் வழியாக வரும் புதிய கார்களில் ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும். வயரை எர்த் செய்து பார்க்கக் கூடாது.

டேங்கிற்குள் இருக்கும் இந்த யூனிட்டில், மிதக்கும் ஃப்ளோட் ஒரு கம்பியின் முனையில் இருக்கிறது. அது ஏறி இறங்கும்போது கம்பியின் மறுமுனை ஒரு ரெசிஸ்டன்ஸ் பட்டையைத் தடவிச் செல்லும். அங்கே மாறும் ஓம் அளவைத்தான் மீட்டர் முள்ளாகக் காட்டுகிறது. அமெரிக்காவில் பரவலாக விற்கும் மீட்டர்களுக்குக் காலி 240 ஓம், நிறைவு 33 ஓம். ஐரோப்பிய விடிஓ வகையிலோ காலி 10, நிறைவு 180. வகை மாற்றி மாட்டினால் முள் தலைகீழாகக் காட்டும்.

1. அறிகுறியைக் கவனியுங்கள். டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து படுத்துவிட்டதா? அப்படியானால் ஃபியூஸையும், மீட்டர் போர்டுக்கு வரும் கரண்டையும் பாருங்கள். டேங்க் பக்கம் போக வேண்டாம். பெட்ரோல் முள் மட்டும் மக்கர் செய்தால் அடுத்த படி.

2. கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். பல கார்களில் பின் சீட்டைத் தூக்கினால் ஒரு தகட்டு மூடி, அதன் கீழே டேங்க் யூனிட்டின் கப்ளர். சாவியைத் திருப்பாமல் அதைக் கழற்றுங்கள். பம்பும் அதே கப்ளரில் இருந்தால், தடித்த வயர்கள் பொதுவாகப் பம்புக்கு, மெல்லியவை மீட்டருக்கு. வயரிங் படத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். பம்பு வயரை எர்த் செய்தால் ஃபியூஸ் போய்விடும். இப்போது சாவியை ஆன் செய்தால் முள் ஒரு கோடியில் நிற்கும். மீட்டர் வயரைச் சில நொடிகள் மட்டும் பாடியில் தொட்டால் மறு கோடிக்குப் போக வேண்டும். போனால் மீட்டரும் வயரும் நலம்; பழுது டேங்க் பக்கம். போகாவிட்டால் பழுதை வயரிலும் மீட்டரிலும் தேடுங்கள்.

3. எர்த்தைச் சோதியுங்கள். சாவியை அணைத்து, டேங்க் யூனிட்டின் எர்த் வயருக்கும் பாடிக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். ஒரு ஓமுக்கும் கீழே காட்ட வேண்டும். கூடுதலாகக் காட்டினால், எர்த் போல்ட்டில் துருவைச் சுரண்டி இறுக்குங்கள். பலருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

4. யூனிட்டை வெளியே எடுங்கள். டேங்கில் கால்வாசிக்கும் குறைவாகப் பெட்ரோல் இருக்கும்போது, திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தாழ்வான இடங்களில் தேங்கி நிற்கும். பம்பு ஃபியூஸை எடுத்துவிட்டு, என்ஜின் தானாக நிற்கும் வரை ஓட விட்டால் குழாயின் அழுத்தம் இறங்கும். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, யூனிட்டைச் சுற்றியுள்ள மண்ணைத் துடையுங்கள். பூட்டு வளையத்தை மரக்கட்டையோ பித்தளைக் கம்பியோ வைத்துத் தட்டுங்கள்; இரும்பு பொறி விடும். யூனிட்டைத் தூக்கும்போது கம்பி வளையாமல் சாய்த்து எடுங்கள்.

5. மேசையில் வைத்துச் சோதியுங்கள். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் பெட்ரோல் புகுந்திருக்கிறது. அது மிதக்காது, முள்ளும் காலியிலிருந்து எழாது. பிறகு மல்டிமீட்டரை ஓமில் வைத்து, கம்பியை அடியிலிருந்து மேலே மெதுவாக நகர்த்துங்கள். அளவு சீராக மாற வேண்டும். நடுவில் திடீரென்று ‘ஓஎல்’ காட்டினால் அந்த இடத்தில் தொடர்பு அறுகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், பட்டையின் கோடுகள் அங்கே தேய்ந்தோ கறுத்தோ இருக்கும். எப்போதும் இருநூறு, முந்நூறு ரூபாய்க்கே பெட்ரோல் போடுபவரின் காரில் கம்பி ஓடுவதெல்லாம் அடிப்பகுதியில்தான். தேய்மானமும் அங்கேதான் அதிகம். பெட்ரோலில் உள்ள கந்தகம் வெள்ளித் தொடுமுனையைக் கறுக்கச் செய்யும். 2004-இல் புளோரிடா, லூசியானா மாநிலங்களில் கந்தகம் மிகுந்த பெட்ரோலால் ஏராளமான கார்களின் பெட்ரோல் முள் பழுதானது. கறுப்பை கான்டாக்ட் கிளீனரால் மெல்லத் துடைத்தால் போதும், உப்புத்தாள் வேண்டாம். கோடு தேய்ந்திருந்தால் அந்தக் காரின் அதே மாடல் யூனிட்டையே வாங்குங்கள்.

6. திரும்ப மாட்டுங்கள். பழைய ரப்பர் வளையத்தை மீண்டும் போடாதீர்கள். ஊறி உப்பியது சரியாக உட்காராது, ஆவி கசியும். இணைப்புகளையும் பம்பு ஃபியூஸையும் மாட்டி, சாவியை இரண்டு முறை ஆன் செய்து கசிவு பார்த்த பிறகே மூடியைப் போடுங்கள். கார் குலுங்கும்போது முள் ஆடாமலிருக்க, பல மீட்டர்களில் அது மெதுவாகத்தான் ஏறும். ஒரு நிமிடம் பொறுங்கள்.

யூனிட் மேசையில் இருக்கும்போதே காலி, பாதி, நிறைவு மூன்றுக்கும் வரும் ஓம் அளவுகளைக் காரின் கையேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை முள் தகராறு செய்தால், கப்ளரில் மல்டிமீட்டரை வைத்தே, டேங்கைத் திறக்க வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடலாம்.