வயிற்றைக் கேட்டு எடை தூக்குதல்

நாள்பட்ட வயிற்று நோய் உள்ளவருக்கு எந்த எடைப் பயிற்சி அட்டவணையும் கணக்குப்படி ஓடாது. குடல் அடங்கியிருக்கும் மாதங்களும் உண்டு, நாளுக்கு எட்டுப் பத்து முறை கழிவறைக்கு விரட்டும் வாரங்களும் உண்டு. நடுவில் பயிற்சி நின்றுபோனால் மறுபடி எங்கே தொடங்குவது என்பதற்கு விடை வைத்திருக்கும் அட்டவணைதான் இவர்களுக்குப் பொருந்தும். தசை எவ்வளவு சேரும் என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.

அட்டவணைக்கும் முன்னால் நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். "கேஸ் டிரபிள்" என்று பொதுவாகச் சொல்லப்படுவது பல நோய்களாக இருக்கலாம். இரைப்பை அமிலம் உணவுக்குழாயில் ஏறுவது ஒன்று. குடலில் புண்ணோ வீக்கமோ இல்லாமலே வலியும் வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் மாறி மாறி வரும் ஐபிஎஸ் இன்னொன்று. குடல் சுவரே அழற்சி கொள்ளும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், க்ரோன் நோய் ஆகியவை வேறு ரகம். இந்தியாவில் க்ரோன் நோயும் குடல் காசநோயும் ஒன்றுபோலவே தோன்றிப் பல நேரம் மருத்துவரையே குழப்புகின்றன. இரண்டுக்கும் மருந்து வேறு. நோயை உறுதிசெய்ய, திருப்பதி வட்டாரத்தவருக்கு அங்கேயே ஸ்விம்ஸ், ருயா ஆகிய மருத்துவமனைகள் இருக்கின்றன. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் சி.எம்.சி. பக்கத்திலேயே இருக்கிறது. நோய் எதுவென்று உறுதியாகாமல் ஜிம் மாஸ்டரிடம் ஆலோசனை கேட்பதில் பயனில்லை.

குடல் அழற்சி நோயாளிகளுக்கு எடைப் பயிற்சி அவசியமாவதற்குக் காரணம் அந்த நோய் தசையையும் எலும்பையும் சேர்த்தே அரிப்பதுதான். அழற்சி தசையைக் கரைக்கிறது. ரத்தக் கசிவு சோகையைக் கொண்டுவருகிறது. நோயை அடக்கத் தரப்படும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் நெடுநாள் நீடித்தால் தொடைத் தசை மெலியும், எலும்பின் அடர்த்தி குறையும். இதற்கு எதிராகப் பயிற்சி எவ்வளவு உதவும் என்பதை பிரிட்டனில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நோய் அடங்கியோ லேசாகவோ இருந்த 47 க்ரோன் நோயாளிகளில் ஒரு பகுதியினர் ஆறு மாதம் எடைப் பயிற்சியும் குதித்தல் பயிற்சியும் செய்தார்கள்; அவர்களுக்குத் தசை வலிமை கூடியது, முதுகெலும்பின் அடர்த்தியும் மேம்பட்டது. படகோட்டி ஸ்டீவ் ரெட்கிரேவுக்கு 1992-இல் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் கண்டறியப்பட்டது. அதே ஆண்டிலும் 1996-இலும் 2000-இலும் அவர் ஒலிம்பிக் தங்கம் வென்றார். ரெட்கிரேவின் பயிற்சியை யாரும் பின்பற்ற வேண்டியதில்லை. குடல் நோய் இருந்தால் வலிமை கூடாது என்ற எண்ணத்துக்கு அவர் ஒரு மறுப்பு, அவ்வளவே.

ஜிம்களில் வழக்கமாகக் கிடைப்பது திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள் என்று ஆறு நாளைப் பங்கு போடும் அட்டவணை. வயிறு கெட்டு இரண்டு நாள் போகாவிட்டால் முதுகும் தோளும் அந்த வாரம் முழுக்கப் பட்டினி. 'ஐந்துக்கு ஐந்து' என்று புகழ்பெற்ற திட்டம் வேறு விதத்தில் சிக்கல் தரும். வாரம் மூன்று நாள் எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட், ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ கூடுதல் என்பது அதன் விதி. ஆரோக்கியமான இளைஞருக்கு அது அருமையான ஏணி. நோய் கிளம்பும் உடலோ பாதிப் படியிலேயே நின்றுவிடும்.

வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்பு என்பதே பொருத்தமான தொடக்கம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்ன குறைந்தபட்சமும் வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சிதான். டம்பெல் ஸ்குவாட், டம்பெல்லைத் தன்னை நோக்கி இழுக்கும் ரோ, சுவரிலோ மேசையிலோ கை ஊன்றித் தண்டால், இடுப்பை மடக்கி எடை எடுக்கும் டெட்லிஃப்ட், இரு கையிலும் எடையோடு நடத்தல் ஆகிய ஐந்தும் போதும். ஒவ்வொன்றிலும் இரண்டு செட்; நடத்தல் தவிர மற்றவற்றில் 8 முதல் 12 முறை. இன்னும் இரண்டு மூன்று முறை தூக்க முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும். எல்லா செட்டிலும் 12 எளிதாக வந்த பிறகே எடையைக் கூட்டலாம். வயிறு சரியில்லாத நாளுக்கென்று குறுகிய வடிவம் ஒன்று எழுதி வைத்திருப்பது நல்லது: ஐந்திலும் ஒரே ஒரு செட், கால் மணி நேரம். ஒரு வாரம் நின்றால் பழைய எடையிலேயே தொடரலாம். இரண்டு மூன்று வாரம் நின்றால் ஐந்தில் ஒரு பங்கு குறைக்கலாம். ஸ்டீராய்டு எடுத்துத் தேறிய பிறகு பாதி எடையில் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அமில எதிர்க்களிப்பு உள்ளவருக்குச் சிக்கல் மூச்சில் இருக்கிறது. மூச்சைக் கட்டி முக்கித் தூக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி அமிலம் மேலே தள்ளப்படும். இறுக்கிய இடுப்பு பெல்ட்டும் அதையே செய்யும். தூக்கும்போது மூச்சை வெளியே விடலாம். தலை தாழ்ந்த பெஞ்சைத் தவிர்த்துச் சாய்வு பெஞ்சில் செய்யலாம். சாப்பாட்டுக்கும் பயிற்சிக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விடுவது அவசியம். காரப்பொடி பூசிய நெய் தோசைக்குப் பிறகு இன்னும் கூடுதலாக. ஐபிஎஸ் உள்ள பலருக்குக் காலையில்தான் குடல் அவசரம் அதிகம். அவர்களுக்கு மாலை நேரமும், கழிவறை அருகில் இருக்கும் ஜிம்மும் தேவை.

புரதத்தில் கடைக்காரர் பேச்சு பெரும்பாலும் கேடுதான். ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தசைக்காகப் புரதப் பொடி வேண்டாம் என்றே சொல்கிறது. பொடியை ஒதுக்க முடியாதவர்கள், பால் சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காத வயிறு என்றால், வே (whey) கான்சென்ட்ரேட்டை விட்டு லாக்டோஸ் மிகக் குறைந்த ஐசொலேட்டைப் பார்க்கலாம். புரத பார்களில் இனிப்புக்காகச் சேர்க்கும் சார்பிட்டால் ஐபிஎஸ் வயிற்றை ஊத வைக்கும். முட்டை, மீன், தயிர், காரம் குறைத்த கோழிக் குழம்போடு கேழ்வரகுக் களி ஆகியவை பலருக்கும் ஒத்துப்போகும். க்ரோன் நோயால் குடல் குறுகியிருப்பவர் மட்டும் நிலக்கடலையை முழுசாக மெல்லாமல் இருப்பது நலம். உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனக், இபுப்ரோஃபென் மாத்திரைகள் இரைப்பைப் புண்ணையும் குடல் அழற்சியையும் கிளப்பிவிடக் கூடியவை.

அலிபிரியிலிருந்து திருமலைக்குச் சுமார் 3,550 படிகள். மாதம் ஒருமுறை ஏறுவதே உடற்பயிற்சி என்று எண்ணுவோர் திருப்பதியில் நிறையப் பேர். தொடைக்கும் இதயத்துக்கும் அது உண்மையிலேயே நல்ல வேலை. முதுகு, மார்பு, கைகளுக்கு அதில் பங்கு சொற்பம். மலை ஏறும் வாரத்தில் ஒரு நாள் கால் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளலாம். ராயலசீமை வெயிலில் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் உப்பும் நீரும் வேகமாக வடியும். அப்போது வெறும் தண்ணீர் போதாது, ஓஆர்எஸ் வேண்டும்.

காய்ச்சல், மலத்தில் புதிதாக ரத்தம், நிற்கும்போது தலைச்சுற்றல், காரணமில்லாமல் எடை இறங்குதல் இவற்றில் ஒன்று வந்தாலும் குறுகிய வடிவமும் வேண்டாம். மருத்துவரிடம் போக வேண்டும். வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பாரமான எதையும் தூக்கக்கூடாது. நடையும் மூச்சுப் பயிற்சியும் மட்டும் போதும். குடலை வயிற்றுச் சுவர் வழியே வெளியே கொண்டுவந்து பை பொருத்தியவர்களுக்கு அந்த இடத்தைச் சுற்றிக் குடலிறக்கம் வர வாய்ப்பு அதிகம். எனவே, அவர்கள் முதலில் வயிற்றுத் தசைகளை மெல்லப் பழக்கி, ஒன்றிரண்டு கிலோ டம்பெல்லோடு தொடங்கி, எடை கூட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் அறுவை மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ காட்டிக்கொள்வது வழக்கம்.