தானே மாறும் கியரும் அதன் நோயும்



மோட்டார் வண்டியின் எஞ்சின் வலிமை மிக்கது. ஆயினும், அவ்வலிமை எல்லா வேகத்திலும் ஒரே தன்மையாய்க் கிடைப்பதில்லை. நிற்கும் வண்டியை நகர்த்துவதற்கும் மேட்டில் ஏற்றுவதற்கும் சக்கரத்திற்கு மிகுந்த திருப்புவிசை வேண்டும். சமதரையில் விரைந்தோடும்போது திருப்புவிசை குறைவாயிருந்தாலும் போதும், வேகமே வேண்டும். எஞ்சின் தருவதற்கும் சக்கரம் வேண்டுவதற்கும் நடுவே நின்று உடன்பாடு செய்துவைப்பது கியர் பெட்டி. சாதாரண வண்டியில் இவ்வேலையை ஓட்டுபவர் தம் கையாலும் காலாலும் நடத்துகிறார். தானியங்கிக் கியர் பெட்டியோ இதைத் தானே நடத்திக்கொள்கிறது. அத்தகைய பெட்டி முதுமையடைந்து பழுதுபட்டால் அதன் நோயை எவ்வாறு அறிவது, எவ்வாறு தீர்ப்பது என்பதே இன்று நாம் காணப்போகும் பொருள்.

பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் முழுத் தானியங்கிக் கியர் பெட்டி, அமெரிக்க நாட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்கென 1939இல் வெளியிட்ட ‘ஹைட்ராமேட்டிக்’ ஆகும். அந்நிறுவனமே 1969ஆம் ஆண்டின் கார்களுக்கென ‘டர்போ ஹைட்ராமேட்டிக் 350’ என்னும் மூன்று கியர் கொண்ட பெட்டியை வெளியிட்டது. இன்றைய கார்களில் மின்னணுக் கருவி பெட்டிக்கு ஆணையிடுகிறது. 350இன் பழைய அமைப்பிலோ ஆணையிடுவது எண்ணெயின் அழுத்தமே. கணிப்பொறி எதுவும் இல்லாமையால் காரணத்தையும் காரியத்தையும் தெளிவாகத் தொடர்புபடுத்திக் காண அது மிகவும் ஏற்றது. ஆகவே அதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலில் அதன் உறுப்புக்களை அறிந்துகொள்வோம். எஞ்சினை அடுத்து இருப்பது டார்க் கன்வர்ட்டர். பௌதிக வகுப்பில் நான் இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிட்டுக் காட்டுவதுண்டு. ஓடும் விசிறியின் காற்றுப் பட்டு மற்றது தானே சுழலத் தொடங்கும். இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய், அவ்வளவே வேறுபாடு. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு சக்கரம் இருந்து, திரும்பி வரும் எண்ணெயை உதவும் திசையில் திருப்பிவிடுகிறது. அதனால் வண்டி புறப்படும் வேளையில் திருப்புவிசை ஏறத்தாழ இரு மடங்காகிறது. இம்முறைக்கு வித்திட்டவர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்னும் ஜெர்மானியர். 1905இல் அவர் காப்புரிமை பெற்றது கார்களை எண்ணி அன்று, கப்பல்களை எண்ணியே.

அடுத்து உள்ளவை கோள்முறைப் பல்சக்கரங்கள். நடுவே சூரியச் சக்கரம். அதைச் சுற்றிக் கோள் சக்கரங்கள். வெளியே வளையச் சக்கரம். இவற்றின் பற்கள் எப்பொழுதும் பொருந்தியே இருக்கின்றன. ஒன்றை அசையாது பிடித்து, மற்றொன்றைச் சுழற்றினால் ஒரு விகிதம் கிடைக்கும். பிடியை மாற்றினால் விகிதமும் மாறும். 350 பெட்டியில் முதற்கியரின் விகிதம் 2.52, இரண்டாவது 1.52, மூன்றாவது 1. பிடிக்கும் வேலையைச் செய்பவை கிளட்சுத் தட்டுக்கள். அத்தட்டுக்களை இறுக்குவது பம்பு தரும் எண்ணெய் அழுத்தம்.

எந்நேரத்தில் எதைப் பிடிப்பது என்று தீர்மானிக்கப் பெட்டிக்கு இரண்டு தூதர்கள் உண்டு. கவர்னர் என்னும் கருவி வண்டியின் வேகத்தை அறிவிக்கிறது. மாடுலேட்டர் என்னும் கருவி, எஞ்சினின் உறிஞ்சு குழாயிலுள்ள வெற்றிட அளவைக்கொண்டு எஞ்சினின் சுமையை அறிவிக்கிறது. பாரம் மிகுந்தால் வெற்றிடம் குறையும். குறைந்தால் கியர் மாறுவது தாமதப்படும், பிடிப்பும் இறுகும். இரு செய்திகளையும் ஒரு வால்வு தராசுபோல் சீர்தூக்கி முடிவு செய்கிறது.

இனி நோயறியும் முறைக்கு வருவோம். ஆசிரியப் பயிற்சியின்போது எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட விதிகளுள் ஒன்று, எளியதிலிருந்து அரியதற்குச் செல்க என்பது. கியர் பெட்டிக்கும் இவ்விதி பொருந்தும். பெட்டியைக் கழற்றுவது கடைசி வேலை. அளவுகோலை உருவிப் பார்ப்பதே முதல் வேலை.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நன்கு சூடேறிய பின், எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருக்க, நெம்புகோலைப் பார்க் நிலையில் வைத்து எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். எண்ணெய் சூட்டில் விரிவதால் குளிர்ந்த நிலையில் பார்க்கும் மட்டம் ஏமாற்றும். அளவுகோலின் இரு குறிகளுக்கும் இடையே உள்ளது ஏறக்குறைய அரை லிட்டரே. எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். அழுத்தம் தளர்ந்து தட்டுக்கள் வழுக்கும். மிகுந்தாலும் கேடே. சுழலும் சக்கரங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நீர்மம் அழுத்தினால் சுருங்காது. நுரையிலுள்ள காற்றோ சுருங்கும். ஆகவே மிகுதியாலும் அழுத்தம் குறைந்து, அதே வழுக்கல் நேரும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்னும் பழமொழி இவ்விடத்தில் முற்றும் பொருந்துகிறது.

இரண்டாவதாக நிறத்தையும் மணத்தையும் காண்க. புதிய எண்ணெய் செந்நிறமாயிருக்கும். கறுத்துக் கருகிய வாடை வீசினால் தட்டுக்களின் உராய்வுப் பூச்சு வெந்துவிட்டது என்பது பொருள். பால் கலந்தாற்போல் வெளிர்சிவப்பாயிருந்தால், ரேடியேட்டருக்குள் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ஓட்டையாகி நீர் கலந்திருக்கிறது. நீர், தட்டுக்களின் பூச்சை ஒட்டியிருக்கும் பசையை இளக்கிவிடும். எனவே எண்ணெயை மாற்றுவது மட்டும் போதாது; ஓட்டையையும் அடைக்க வேண்டும்.

மூன்றாவது, வண்டியை ஓட்டிப் பார்த்து, எந்தக் கியரில் நோய் தோன்றுகிறது என்று குறித்துக்கொள்வது. இது முழுவதும் தருக்கம். 350 பெட்டியில் முன்செல்லும் கியர் அனைத்திற்கும் வேண்டியது முன்கிளட்சு. மூன்றாம் கியருக்கும் பின்னோட்டத்திற்கும் பொதுவானது நேர்கிளட்சு. முன்செல்லும் கியர் எல்லாம் வழுக்கிப் பின்னோட்டம் நன்றாயிருந்தால் ஐயம் முன்கிளட்சின்மேல் விழும். மூன்றாம் கியரும் பின்னோட்டமும் மட்டும் கெட்டால் நேர்கிளட்சின்மேல் விழும். பின்னோட்டம் மட்டும் கெட்டு மூன்றாவது நன்றாயிருந்தால், நேர்கிளட்சு குற்றமற்றது; பின்னோட்டத்திற்குரிய மற்றொரு கிளட்சைத் தேட வேண்டும். எல்லாமே வழுக்கினால், எல்லாவற்றிற்கும் பொதுவான எண்ணெய் மட்டத்தையும் வடிகட்டியையும் பம்பையும் பார்க்க வேண்டும். ஒரு திருகாணியையும் தொடாமலே, பெட்டிக்குள் இருக்கும் உறுப்பைப் பெயர் சொல்லிச் சுட்டிவிட முடிகிறது. கணக்கிலே சமன்பாடுகளைத் தீர்க்கும்போது நீங்கள் கையாளுவது இம்முறையைத்தானே?

நான்காவது, அழுத்தமானியை இணைத்து எண்ணெயின் அழுத்தத்தை அளந்து, அப்பெட்டிக்குரிய கையேட்டில் கண்ட அளவோடு ஒப்பிடுதல். இவ்வளவும் செய்த பின்னரே பெட்டியைக் கழற்றலாமா என்னும் கேள்வி எழ வேண்டும்.

இம்முறையைத் தாண்டிக் குதிப்பதால் வரும் இழப்பு சிறிதன்று. ஒரு வண்டியில் கியர் காலந்தாழ்த்தி மாறுகிறது; மாறும்போது முதுகில் உதைப்பதுபோல் அதிர்கிறது; எண்ணெயும் நாளுக்குநாள் குறைகிறது. ஆனால் தரையில் ஒரு சொட்டும் இல்லை. புகைபோக்கியில் மட்டும் வெண்புகை. ‘பெட்டி போய்விட்டது, புதிது வாங்குங்கள்’ என்று அவசரக்காரர் தீர்ப்புக் கூறிவிடுவார். பழைய காரின் விலையையே மிஞ்சக்கூடிய செலவு அது; பெரும்பாலும் அத்துடன் வண்டியும் காயலான் கடைக்குப் போய்விடும். பொறுமையுள்ளவரோ மாடுலேட்டரில் செருகியிருக்கும் சிறு ரப்பர்க் குழாயை உருவிப் பார்ப்பார். அதனுள் சிவந்த எண்ணெய் இருந்தால் மாடுலேட்டரின் மெல்லிய சவ்வு கிழிந்திருக்கிறது. எஞ்சின் அதன் வழியே எண்ணெயை உறிஞ்சி எரித்துக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு திருகாணியைக் கழற்றி அச்சிறு கருவியை மாற்றிவிடலாம். பெட்டியை இறக்க வேண்டியதே இல்லை. எண்ணெய் குறையாமல் தாமதமும் அதிர்ச்சியும் மட்டும் இருந்தால், அந்த ரப்பர்க் குழாய் வெடித்திருக்கக்கூடும். அல்லது எஞ்சினே தேய்ந்து அதன் வெற்றிடம் குன்றியிருக்கக்கூடும். வெற்றிடம் வந்து சேராமையால், எஞ்சின் பெரும் பாரம் சுமக்கிறது என்று பெட்டி எண்ணிக்கொள்கிறது. தவறு தீர்ப்பில் இல்லை, தூதன் கொணர்ந்த செய்தியில் இருக்கிறது. கரும்பலகை எழுத்துத் தெரியாத பிள்ளையை மந்தபுத்தி என்று பின்வரிசைக்குத் தள்ளும் கொடுமை பள்ளிகளில் உண்டு. அப்பிள்ளைக்கு வேண்டியது மூக்குக்கண்ணாடி மட்டுமே.

தட்டுக்கள் உண்மையிலேயே வெந்திருந்தால் பெட்டியைப் பிரித்தே ஆகவேண்டும். தட்டுக்கள், ரப்பர் வளையங்கள், வடிகட்டி ஆகியவற்றைப் புதிதாக்க வேண்டும். புதிய தட்டுக்களை எண்ணெயில் ஊறவைத்த பிறகே அடுக்க வேண்டும். குளிர்விக்கும் குழாய்களைக் கழுவாவிட்டால் அவற்றில் தங்கிய பழைய தூள் புதிய பெட்டியைக் கெடுக்கும். எல்லாவற்றினும் முதன்மையானது, தட்டு ஏன் வெந்தது என்று அறிவது. பிஸ்டனின் ரப்பர் வளையம் முதுமையால் இறுகி அழுத்தத்தைக் கசியவிட்டிருந்தால், வளையத்தை மாற்றாமல் தட்டை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. புதிய தட்டும் வேகும்.

எண்ணெயைப் பற்றி ஒரு வியப்பான செய்தி. 1970களின் தொடக்கம் வரை, தட்டுக்கள் மென்மையாகப் பிடிப்பதற்காக இவ்வெண்ணெயில் திமிங்கில எண்ணெய் கலக்கப்பட்டது. அவ்வுயிரினத்தைக் காக்கச் சட்டம் செய்யப்பட்டபின், வேதியியலார் மாற்றுப் பொருள்களைக் கண்டனர். ஆகையால் எந்தப் பெட்டிக்கு எந்த எண்ணெய் என்று கையேடு சொல்வதைக் கேட்பது இன்றியமையாதது.

மாணவர்களே, இவற்றைக் கண்ணால் காண விரும்பினால் தேர்ந்த தொழிலாளியின் அருகில் நின்று காணுங்கள். ஜாக்கி மட்டும் தாங்கிநிற்கும் வண்டியின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். உறுதியான தாங்கிகளும் சக்கரத்திற்கு முட்டுக்கட்டைகளும் வேண்டும். சூடான எண்ணெய் தோலைப் பொசுக்கும்.

‘இது கெட்டுவிட்டது’ என்று யாரேனும் ஒரு பொறியைக் கைகாட்டும்போது, எப்பொழுது கெடுகிறது, எது இன்னும் நன்றாயிருக்கிறது, கெட்டவற்றிற்குப் பொதுவானது யாது என்னும் மூன்று கேள்விகளை அமைதியாகக் கேட்டுப் பாருங்கள். விடை பெரும்பாலும் எளிய இடத்திலேயே காத்துக்கொண்டிருக்கும்.