கூடாரமும் கடலும்: ரேணிகுண்டாவுக்கு எட்டும் தொலைவில் ஒரு கடற்கரை

ரேணிகுண்டாவை ரயில் மாறும் சந்திப்பாகவும் திருமலைக்குச் செல்வோர் இறங்கும் விமான நிலையமாகவும் மட்டுமே அறிந்தவர்கள், அவ்வூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சென்றால் வங்கக் கடல் வந்துவிடும் என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்துக்குக் கடற்கரை இருந்ததில்லை. 2022 ஏப்ரல் 4 அன்று அதிலிருந்து பிரிந்த பகுதிகளோடு நெல்லூர் மாவட்டத்தின் சூளூர்ப்பேட்டை, கூடூர்ப் பகுதிகளும் சேர்ந்து திருப்பதி மாவட்டம் அமைந்தபோதுதான், மலையும் கோயிலும் மட்டுமே அடையாளமாயிருந்த இவ்வட்டாரம் ஆட்சிக் கணக்கில் ஒரு கடலோர மாவட்டத்தின் பகுதியாயிற்று. கணக்கில் வந்த கடல் மக்களின் விடுமுறைப் பழக்கத்துக்குள் இன்னும் முழுமையாக வரவில்லை. இரண்டு நாள் ஓய்வு கிடைத்தால் ஏலகிரிக்கோ ஹார்ஸ்லி மலைக்கோ புறப்படும் குடும்பங்களும், கடலைக் காணவேண்டுமென்றால் சென்னை மெரினாவையே நினைக்கின்றன.

கடலோர விடுமுறைப் பூங்கா என்பது மேலைநாடுகளில் வேரூன்றிய ஓர் ஏற்பாடு. மனைகளாகப் பிரிக்கப்பட்ட புல்தரையோ மணல்தரையோ, பொதுவான குளியலறையும் கழிப்பறையும், குடிநீர்க் குழாய், பாத்திரம் கழுவும் இடம், இரவில் ஒலி எழுப்பக் கூடாத நேரம், இவற்றைக் கண்காணிக்கும் ஒரு காப்பாளர் ஆகியவை அதன் உறுப்புகள். தங்குமிடத்தை, அதாவது கூடாரத்தையோ இழுவை வண்டியையோ, வருபவரே கொண்டுவருவார். 1894இல் ஐரிஷ் கடலிலுள்ள மான் தீவில் கன்னிங்ஹாம் என்பவர் இளைஞர்களுக்காகத் தொடங்கிய கூடார முகாம் இவ்வகையின் முன்னோடிகளில் ஒன்று. 1901இல் தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்ற தையற்கலைஞர், மிதிவண்டியில் எடுத்துச் செல்லத்தக்க இலேசான கூடாரங்களோடு ஊர் சுற்றுவோருக்கு இங்கிலாந்தில் ஒரு சங்கம் அமைத்தார். 1936இல் அந்நாட்டின் ஸ்கெக்னஸ் கடற்கரையில் பட்லின் என்பவர் தொடங்கிய பெரிய முகாமும், சம்பளத்துடன் கூடிய விடுப்புக்கு வழிசெய்த 1938ஆம் ஆண்டுச் சட்டமும் தொழிலாளர் குடும்பங்களைப் பெருந்திரளாகக் கடற்கரைக்குக் கொண்டுவந்தன. குறைந்த செலவும், கட்டடம் இல்லாமையும், ஒழுங்கான நிர்வாகமும் ஒன்றாகச் சேர்ந்ததே கூடாரப் பூங்காவின் வெற்றிக்குக் காரணம். இம்மூன்றில் நிர்வாகம் நீங்கினால் எஞ்சுவது மணலில் சிதறிய குப்பைதான்.

ரேணிகுண்டா மக்களுக்கு இத்தகைய தங்கலுக்கு மிக ஏற்ற கடற்கரை வாக்காடு மண்டலத்திலுள்ள தூபிலிபாளையம் எனலாம். ரேணிகுண்டாவிலிருந்து ஸ்ரீகாளஹஸ்தி வழியாக நாயுடுப்பேட்டை வரை 57 கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலை. அங்கே சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையைக் கடந்து கிழக்கே கிராமச் சாலைகளில் சென்றால் கடல். ரயிலில் வருவோர் கூடூரில் இறங்கி வாக்காடு செல்லும் பேருந்தைப் பிடிக்கலாம். இவ்வழி நெடுகிலும் துணையாக வருவது சுவர்ணமுகி ஆறு. பாகாலைக்கு அருகில் தோன்றி, திருப்பதியை ஒட்டி ஓடி, ஸ்ரீகாளஹஸ்திக் கோயிலைத் தொட்டு, ஏறக்குறைய 130 கிலோமீட்டர் கடந்து, வாக்காடு அணையைத் தாண்டிக் கடலில் கலக்கும் இந்த ஆறுதான் கண்ணப்ப நாயனார் வரலாற்றில் வரும் பொன்முகலி. ஸ்ரீகாளஹஸ்தியாகிய காளத்தி வரை ஆற்றைத் தேடிச் செல்லும் தமிழர்கள் பலர் அதன் முடிவிடத்தைப் பார்த்ததில்லை.

வரலாற்றிலும் இக்கரைக்கு இடமுண்டு. தூபிலிபாளையத்துக்குத் தெற்கிலுள்ள துகராஜபட்டினத்தில் 1626இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆர்மகான் என்ற பெயரில் ஒரு வணிகநிலையம் அமைத்தது. அதன் தலைவராயிருந்த பிரான்சிஸ் டே வணிகத்துக்கு ஏற்ற வேறிடம் தேடித் தெற்கே சென்று, 1639இல் சென்னைப்பட்டினத்துக்கான உரிமையைப் பெற்றார். ஆங்கிலேயர் ஆர்மகானைக் கைவிட்டதனால் இக்கரை பெருநகரமாகாமல் மீனவர் கரையாகவே நிலைத்தது. இன்று அமைதியைத் தேடி வருவோருக்கு அது நன்மையாக முடிந்திருக்கிறது.

கோடையில் ரேணிகுண்டாவின் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கமாயிருக்க, அதே நாளில் கடலோரம் தாங்கத்தக்கதாக இருப்பதற்குக் காரணம் கடற்காற்று. நிலம் நீரைவிட விரைவாகச் சூடேறுவதால் அதன் மேலுள்ள காற்று இலேசாகி எழ, அவ்விடத்தை நிரப்பக் கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று கரை நோக்கி வீசுகிறது. அது உள்நாட்டை அடையும்போது பொழுதும் சாய்ந்து வலுவும் குறைந்துவிடும். இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் ஓட்டம் தலைகீழாகி, கரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். கூடாரத்தின் வாயிலைக் கடலை நோக்கி மட்டும் வைத்துவிட்டு விடியற்காலையில் புழுக்கம் என்று குறைகூறுவோர் இந்த மாற்றத்தைக் கணக்கில் கொள்ளாதவர்கள்; எதிரெதிராக இரண்டு வாயில்கள் உள்ள கூடாரமே இங்கு ஏற்றது.

மணலில் கூடாரம் அடிப்பது தனிக் கலை. கெட்டித் தரைக்கென்று செய்யப்பட்ட மெல்லிய கம்பி முளைகள் மணலில் பிடிப்பதில்லை. ஆதலால் ஒரு சாக்கிலோ துணிப்பையிலோ மணலை நிரப்பி, இழுகயிற்றின் முனையை அதில் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து மேலே மணலை மிதித்து இறுக்க வேண்டும். மேலே குவியும் மணலின் எடையே கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். இடத்தைத் தேர்வதில் முதலில் பார்க்கவேண்டியது ஏற்றநீர்க் கோடு, அதாவது கடல்நீர் உச்சத்தில் ஏறும்போது தொடும் எல்லை. காய்ந்த பாசியும் சிப்பியும் குச்சிகளும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் இடம் அதைக் காட்டும். இக்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரை ஒட்டியதே எனினும், காற்றும் பேரலையும் சேரும் இரவில் நீர் அக்கோட்டையும் தாண்டக்கூடும் என்பதால் அதற்கு வெகு உள்ளே தங்குவதே அறிவுடைமை. அதற்கடுத்து வரும் மணல்மேடுகளைப் போர்த்தியிருக்கும் அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் வெறும் களைகள் அல்ல. அவற்றின் வேர்களே காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்கிக் கரையைக் காக்கின்றன. அவற்றின் மேல் கூடாரம் அடிப்பதோ வண்டி ஓட்டுவதோ கரையின் அரணைக் குலைப்பதாகும். மேடுகளுக்குப் பின்னாலுள்ள சவுக்குத் தோப்பின் ஓரமே நிழலும் காப்பும் உள்ள இடம். சவுக்கின் உதிர்சருகு எளிதில் தீப்பற்றும் என்பதால் தோப்புக்குள் விறகடுப்பு மூட்டுவதை மட்டும் முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

நீரைப் பற்றி விரிவாகவே கூறவேண்டியுள்ளது. கடலுக்கு மிக அருகில் மணலைத் தோண்டினால் குடிக்கத்தக்க நீர் ஊறுவது வியப்பாகத் தோன்றினாலும் அதற்கு எளிய விளக்கம் உண்டு. மழைநீர் மணலில் இறங்கி, தன்னைவிடக் கனமான உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலார் வகுத்த பொதுக் கணக்கு. அக்கணக்கைத் திருப்பிப் படித்தால் ஆபத்து புலப்படும்: மோட்டார் வைத்து இறைத்து மேல்மட்டத்தை ஒரு மீட்டர் தாழ்த்தினால் கீழிருந்து உவர்நீர் அதைப்போல் நாற்பது மடங்கு மேலேறத் தொடங்கும். நீச்சல் குளமும் புல்வெளியும் உள்ள பெரிய விடுதி ஒன்று இத்தகைய கரையில் எழுந்தால், பக்கத்துக் குப்பத்தின் கிணறு உவர்ப்பதற்கு அதிக ஆண்டுகள் ஆகா. கழிவுநீருக்கும் இதுவே விதி. மணல் நீரை விரைவாக உள்வாங்குவதால், முறையற்ற கழிப்பறைக் குழி ஒன்று அருகிலுள்ள ஊற்றைக் கெடுத்துவிடும். எனவே குடிநீரை நாயுடுப்பேட்டையிலோ கூடூரிலோ நிரப்பிக்கொண்டு வருவதே வருவோருக்கு நல்லது, ஊராருக்கும் நல்லது.

சட்டமும் கூடாரத்தின் பக்கமே நிற்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதன்முதலில் 1991இலும், திருத்திய வடிவங்களில் 2011இலும் 2019இலும் வெளியானது. இப்போதைய விதிப்படி, மக்கள் நெருக்கம் குறைந்த ஊரகக் கடற்கரைகளில் ஏற்றநீர்க் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடையுள்ள பகுதி. நெருக்கம் மிகுந்த ஊரகங்களில் அது 50 மீட்டர். இத்தடைப் பகுதிக்குள்ளும், கரையோர மேலாண்மைத் திட்டத்துக்கு உட்பட்டு, தற்காலிகக் குடில், கழிப்பறை, உடைமாற்றும் அறை போன்ற சுற்றுலா வசதிகளை ஏற்றநீர்க் கோட்டிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி அமைக்க இடமளிக்கப்பட்டுள்ளது. நிலையான கட்டடம் எழுப்ப முடியாத இடத்தில், பிரித்தெடுத்துச் செல்லத்தக்க ஏற்பாட்டுக்கு வழி இருக்கிறது என்பதே இதன் பொருள். இருந்தும் சுற்றுலா வளர்ச்சி என்றவுடன் நம் நிர்வாகங்களுக்கு நினைவுக்கு வருவது பெரும்பாலும் சிமெண்ட்தான்.

கடற்கரை காலியாகக் கிடக்கும் நிலம் என்ற எண்ணமும் திருத்தப்பட வேண்டியது. நெல்லூர்க் கரையிலும் பழவேற்காட்டிலும் வாழும் பட்டினவர் என்னும் மீனவர் சமூகத்தார் பலர் வீட்டில் தமிழ் பேசுவோர். ரேணிகுண்டாத் தமிழர் அங்கு செல்லும்போது மொழி தெரியாத இடத்துக்குச் செல்வதாக நினைக்க வேண்டியதில்லை. படகை ஏற்றுவதற்கும் வலையை உலர்த்துவதற்கும் மீனைக் காயவைப்பதற்கும் மணல் அவர்களுக்கு வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் எந்த ஊரார் எந்த நீர்ப்பரப்பில் எந்நாளில் வலையிடலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கியும் முறைவைத்தும் தீர்மானிக்கும் ‘பாடு’ என்ற வழக்கம் தலைமுறைகளாக இருந்து வருகிறது. பொதுவிடத்தைச் சண்டையின்றிப் பங்கிடும் அந்த அறிவே ஒரு முகாம் பூங்காவை நடத்தவும் தேவைப்படுவது. மனைகளை ஒதுக்குவதையும் கட்டணம் பெறுவதையும் அவர்களின் கூட்டுறவுச் சங்கத்திடம் ஒப்படைத்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவர்களுக்கு ஒரு வருவாயும் கிடைக்கும். வெயில் கடுமையான மாதங்கள் எனினும் பள்ளி விடுமுறையும் அப்போதுதான் வருகிறது.

தங்குவதற்குச் சிறந்த காலம் டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி முடியும் வரை. அக்டோபரிலும் நவம்பரிலும் வடகிழக்குப் பருவமழையோடு புயல்களும் வரும். 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அருகே கரையேறிய புயலை இக்கரையின் முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். எந்தப் பருவத்திலும் குளிப்பதில் எச்சரிக்கை தேவை. கரையில் மோதிய அலைநீர் குறுகிய வழியில் திரண்டு கடலுக்குள் திரும்பும் இழுவோட்டம், அலை உடையாத, கலங்கிய நிறமுள்ள ஒரு பட்டையாகத் தெரியும். அமைதியாகத் தோன்றும் அவ்விடத்தைத் தேர்ந்து இறங்குவோரே பெரும்பாலும் சிக்குகின்றனர். சிக்கியவர் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். கண்காணிப்பாளர் இல்லாத கரையில் முழங்கால் அளவு நீரே எல்லை.

குளிர்காலத் தங்கலுக்கு அருகிலேயே வேறு காட்சிகளும் உண்டு. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டில் பூநாரைகள் மேய்வதும், 1976இல் அமைக்கப்பட்ட நேலப்பட்டுச் சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் கூடுகட்டுவதும் அப்போதுதான். ஸ்ரீஹரிகோட்டாத் தீவு விண்வெளி மையத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால் அதன் கடற்கரை பொதுமக்களுக்குத் திறந்ததன்று; ஆனால் ராக்கெட் ஏவும் நாளில் தூபிலிபாளையத்து மணலிலிருந்தே அதன் ஒளியைக் காணலாம். இதே மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. ஆமைக்கும் பின்னர் வெளிவரும் குஞ்சுக்கும் திசைகாட்டுவது கடற்பரப்பின் மங்கிய ஒளியே ஆதலால், கூடாரத்துக்கு வெளியே பிரகாசமான விளக்குகளைக் கொளுத்தி வைப்பது குஞ்சுகளை நிலத்தின் பக்கம் இழுத்துக் கொல்வதற்குச் சமம்.

விடுதியில்தான் தங்கவேண்டும் என்போருக்கு நெல்லூரையொட்டிய மைப்பாடு கடற்கரை இருக்கிறது. தூபிலிபாளையத்துக்கும் அப்படியொன்றைக் கேட்பது தவறான கோரிக்கை. சவுக்குத் தோப்போரம் இருபது மனைகள், தொட்டியோடு கூடிய நான்கு கழிப்பறைகள், லாரியில் வரும் குடிநீர், மீனவர் சங்கத்திலிருந்து இரண்டு காப்பாளர்கள், உயிர்காக்கும் மிதவைகள் ஆகியவை போதும்; இவற்றில் கழிப்பறையை மாவட்ட நிர்வாகம் முதலில் அமைக்க வேண்டும், ஏனெனில் அது இல்லாததால்தான் பெண்கள் உள்ள குடும்பங்கள் மாலையிலேயே திரும்பிவிடுகின்றன. அதுவரை அங்கு இரவு தங்க விரும்புவோர், ஊர்ப் பெரியவர்களுக்கும் கடலோரக் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே தெரிவித்து, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் கூடாரம் அடிப்பது நல்லது.