மின்கிட்டார் செய்ய ஆசையா? கம்பியின் நீளத்தை முதலில் எழுதுங்கள்

மாணவர்களே, சொந்தமாக ஒரு மின்கிட்டார் செய்ய நினைத்தால் முதலில் எதை வரைவீர்கள்? பெரும்பாலோர் உடலின் வடிவத்தை வரைவார்கள். பிறகு வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். வண்ணத்தை அடுத்த ஆண்டுகூட மாற்றலாம். ஆனால் சில அளவுகளை, மரத்தை அறுத்த பிறகு மாற்றவே முடியாது. எனவே முதல் கிட்டாருக்குத் திட்டமிடும்போது இந்த விதியை நினைவில் கொள்ளுங்கள்: பிறகு திருத்த முடியாததை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

வீணையும் கிட்டாரும்

தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள் உண்டு. அவை மெழுகுக் கலவையில் பதிக்கப்படுகின்றன. சுருதி சற்றுப் பிசகினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தலாம். கிட்டாரில் அப்படியில்லை. கழுத்துப் பலகையில் மெல்லிய காடி அறுத்து, அதில் மெட்டை அடித்து இறக்குவார்கள். அறுத்த காடியை நகர்த்த முடியாது. அதனால் ஒவ்வொரு மெட்டின் இடத்தையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

கணக்கின் தொடக்கம் கம்பியின் அதிரும் நீளம். கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டைக்கும், உடலின் மேல் உள்ள குதிரைக்கும் இடையிலான தூரம் அது. பல மின்கிட்டார்களில் இது 648 மில்லிமீட்டர்.

கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இருமடங்காகும். அந்த இடைவெளியைக் கிட்டார் 12 சம விகிதப் படிகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு மெட்டிலும் கம்பியின் நீளம் முந்தைய நீளத்தில் 0.9439 மடங்காகக் குறைகிறது. 648-ஐ 0.9439-ஆல் பெருக்கினால் 611.6. அதாவது, முதல் மெட்டு மேல்முனையிலிருந்து 36.4 மில்லிமீட்டரில் அமையும். இப்படி 12 முறை பெருக்கிப் பாருங்கள். 324-ஐ ஒட்டிய விடை வரும். அது 648-இல் சரிபாதி. உடலை நோக்கிச் செல்லச் செல்ல மெட்டுகள் நெருங்குவது ஏன் என்பதும் இப்போது புரிந்திருக்கும்.

10 மில்லிமீட்டர் பிழை என்ன செய்யும்?

முதல் முயற்சியில் மெட்டுப் பதித்த கழுத்தை விலைக்கு வாங்கி, உடலை மட்டும் நீங்களே செய்வது நல்லது. 1950-இல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த திண்ம உடல் கிட்டாரில் கழுத்து, உடலோடு திருகாணிகளால் இணைக்கப்பட்டிருந்தது. வேண்டும்போது கழற்றிவிடலாம். ஃபெண்டர் வானொலி பழுதுபார்க்கும் கடை நடத்தியவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது!

கழுத்தை வாங்கிவிட்டாலும் குதிரையின் இடத்தை நீங்கள்தான் குறிக்க வேண்டும். 648 மில்லிமீட்டர் கழுத்துக்கு 12-ஆம் மெட்டிலிருந்து குதிரை 324 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். தவறுதலாக 334-இல் பொருத்திவிட்டால்? வெறும் கம்பியைச் சரியாகச் சுருதி கூட்டிவிடலாம். ஆனால் 12-ஆம் மெட்டில் விரல் வைத்தால், வர வேண்டிய சுரத்தைவிட ஏறக்குறைய கால் அரைச்சுரம் தாழ்ந்து ஒலிக்கும். காது அதை உடனே கண்டுபிடித்துவிடும். குதிரையில் உள்ள திருகுகள் சில மில்லிமீட்டர் நகர்த்தத்தான் உதவும். எனவே அறுப்பதற்கு முன் முழு அளவில் ஒரு தாளில் நடுக்கோடு போட்டு, கழுத்தை அதன் மேல் வைத்துப் பாருங்கள்.

தேயிலையைப் போலத்தான் மரமும்

கேமரன் மலையின் கியா பார்ம் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ளது. மூடுபனியும் மழையும் அங்கு வழக்கம். அங்கே தேயிலைத்தூள் டப்பாவைத் திறந்து வைத்தால் மொறுமொறுப்பு போய்த் தூள் பதத்துவிடும். உலர்ந்த இலை காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது. மரமும் அப்படியே.

காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காடாக இருக்கும்போது, மரத்தில் உள்ள ஈரம் சுமார் 9 விழுக்காட்டில் நிலைபெறும். காற்றில் 80 விழுக்காடு என்றால், மரத்தில் அது சுமார் 16 விழுக்காடாகும். ஈரம் ஏறினால் மரம் உப்பும், இறங்கினால் சுருங்கும். இந்த மாற்றம் மரத்தின் இழை ஓடும் நீளவாக்கில் மிகக் குறைவு, குறுக்குவாட்டில்தான் அதிகம். அதனால் கம்பியின் நீளம் பெரிதாக மாறாது. ஆனால், கியா பார்மின் ஈரக்காற்றில் செய்த கிட்டாரைக் கோலாலம்பூரில் குளிர்சாதன அறைக்குக் கொண்டுபோனால் கழுத்தின் அகலம் குறையும். உலோக மெட்டு சுருங்காது. மரம் அரை மில்லிமீட்டர் சுருங்கினாலும் மெட்டின் முனைகள் வெளியே நீட்டி விரலைக் கீறும்.

இதற்கு எளிய சோதனை உண்டு. சூளையில் உலர்த்திய பலகையை வாங்கி, எல்லாப் பக்கமும் காற்றுப் படுமாறு கட்டைகளின் மேல் வையுங்கள். கிட்டார் எந்த அறையில் இருக்கப் போகிறதோ அங்கேயே வையுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எடையைக் குறியுங்கள். எடை மாறாமல் நின்றால் மரமும் காற்றும் சமநிலைக்கு வந்துவிட்டன, அறுக்கலாம். ஆறு உலோகக் கம்பிகளும் சேர்ந்து சுமார் 45 கிலோ எடைக்கு ஈடான விசையோடு கழுத்தை இழுக்கும். காயாத மரம் அதைத் தாங்காமல் வளையக்கூடும்.

மாற்றக்கூடியவை பின்னால்

மின்கிட்டாரின் ஒலியை உணர்வது பிக்-அப். காந்தத்தைச் சுற்றி, தலைமுடியளவு மெல்லிய தாமிரக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே உள்ள எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறும். சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுதான். நைலான் கம்பி மாட்டினால் இந்தப் பிக்-அப் எதையும் உணராது.

பிக்-அப் பிடிக்காவிட்டால் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம். ஒலியளவுக் குமிழ், மின்தேக்கி ஆகியவையும் அப்படியே. எனவே இவற்றுக்குத் தொடக்கத்திலேயே அதிகம் செலவிட வேண்டாம்.

என்ன இசை வாசிக்கப் போகிறோம் என்ற தெளிவும் தேவை. நான்கு இரட்டைக் கம்பிகள் கொண்ட மேலைநாட்டு மாண்டலினை, கர்நாடக இசைக்கு ஏற்ப ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட மின்கருவியாக மாற்றிக்கொண்டார் மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ். அவர் வாசிக்க விரும்பிய இசைதான் கருவியின் வடிவத்தை முடிவு செய்தது.

இன்றே ஒரு தாளை எடுத்து இந்த வரிசையில் எழுதுங்கள்: வாசிக்கப்போகும் இசை, கம்பியின் நீளம், கழுத்து, குதிரையின் இடம், மரத்தின் எடைக் குறிப்பு, பிக்-அப், கடைசியாக வண்ணம். ரம்பத்தைத் தொடும் நாளில் ஆசிரியரோ பெரியவரோ அருகில் இருக்கட்டும். மரத்தூள் நுரையீரலுக்குள் போகாமல் முகக்கவசம் அணியுங்கள். அதுவரை தேவைப்படுபவை பென்சிலும் அளவுகோலும் தராசும்தான்.