பில்லும் பாக்கியும்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் வழியாக விராலிமலைக்குச் செல்லும் சாலையிலுள்ள இலுப்பூரில், வீட்டு மாடியில் அமர்ந்தபடியே கோயம்புத்தூர் வியாபாரிக்கோ சிங்கப்பூர்க் கம்பெனிக்கோ மென்பொருள் எழுதிக்கொடுத்து ஜீவனம் நடத்துவது இக்காலத்தில் அசாத்தியமான காரியமன்று. ஆனால் செய்த வேலைக்குரிய பணத்தைக் கைக்குக் கொண்டுவர வேறொரு சாமர்த்தியம் வேண்டியிருக்கிறது.

வேலையின் எல்லையை முதலில் எழுத்தில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். "இதையும் கொஞ்சம் சேர்த்து விட்ருங்க தம்பி" என்று வாட்ஸாப்பில் வரும் ஒரு வரி, இரண்டு நாள் உழைப்பை அனாயாசமாக விழுங்கிவிடுமாதலால், கூடுதல் வேலைக்குக் கூடுதல் கட்டணம் என்பதை ஆரம்பத்திலேயே எழுதி, முன்பணமும் பெற்றுக்கொள்வது விவேகம். மணிக்கணக்கில் கூலி பேசியவர் அன்றன்றைய நேரத்தை அன்றன்றே குறிக்கட்டும். வாரக் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதும் கணக்கை எழுதினவரே பூரணமாக நம்புவதில்லை.

பில்லில் வரிசை எண், தேதி, வேலையின் விவரம், பணம் தரவேண்டிய கடைசி நாள் ஆகியவை விளங்க வேண்டும். வருஷ வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. பதிந்துகொண்டவர் உள்நாட்டுப் பில்லில் 18 சதவீத வரி சேர்க்க வேண்டும்.

நம்மவரில் அநேகர் உபயோகிக்காத பாதுகாப்பு ஒன்று உண்டு. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, உத்யம் என்னும் அரசுப் பதிவு பெற்ற குறு, சிறுதொழில் செய்பவரிடம் வேலை வாங்கிய உள்நாட்டு வியாபாரி, வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து எண்ணி, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிடில் 15 நாளிலும், இருந்தால் அதில் கண்ட தேதியிலும், எப்படியாயினும் 45 நாளுக்கு மிகாமலும் பணத்தைச் செலுத்தியாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி சேரும். வேலையில் குறை சொல்வதானாலும் ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒப்படைத்த தினத்திலேயே அதை ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதுகிறது. ஆகவே "இன்று ஒப்படைத்தோம்" என்று தேதியிட்டு அனுப்பும் சிறு மின்னஞ்சல், பில்லுக்குச் சமமான தஸ்தாவேஜு ஆகிறது.

வட்டி கேட்டு வாடிக்கையாளரைப் பகைத்துக்கொள்ள எல்லாருக்கும் துணிவு வராது என்பது வாஸ்தவந்தான். ஆயினும் குறு, சிறு தொழில்களுக்கு இப்படிக் கெடு கடந்து நிற்கும் பாக்கியை, கொடுத்துத் தீர்க்கும் வரையில் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாதென்று 2023-24 நிதியாண்டு முதல் விதி வந்துவிட்டபடியால், மார்ச் மாதம் நெருங்கும்போது வாடிக்கையாளருடைய ஆடிட்டரே நமக்காக அவரை நெருக்க ஆரம்பிக்கிறார்.