முட்டைக் கூண்டும் மாத்தளையின் காற்றும்

2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து 20 இலட்சம் முட்டைகள் இலங்கைக்கு வந்திறங்கின. அந்நியச் செலாவணி நெருக்கடியில் சோளத்துக்கும் கோழித்தீனுக்கும் தட்டுப்பாடு வந்து, பண்ணைகள் கோழிகளைக் குறைத்ததே காரணம். அந்த நிலை திரும்பாதிருக்க உள்ளூர் உற்பத்தி பெருக வேண்டும். அதற்குத் தானியங்கிக் கூண்டு ஒரு வழி. ஆனால் மாத்தளை மாவட்டத்தில் அதை அமைப்பவர் முதலில் தம் ஊர்க் காற்றை அறிய வேண்டும்.

தானியங்கிக் கொட்டகையில் கூண்டுகள் அடுக்கடுக்காக நிற்கும். தீனை இயந்திரமே பரப்பும். கோழி கொத்தினால் நிப்பிளில் நீர் சொட்டும். சரிவான கம்பித் தளத்தில் உருளும் முட்டையை பெல்ட் வெளியே கொண்டுவரும். ஒவ்வோர் அடுக்கின் கீழும் எச்சத்தை அள்ளிச்செல்ல இன்னொரு பெல்ட் உண்டு. எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் ஈரத்தில் சிதைக்கும்போதுதான் அமோனியா கிளம்பும். அதற்குள் எச்சம் வெளியேறிவிட்டால் கோழியின் கண்ணும் சுவாசமும் தப்பும். மக்கவைத்த எச்சம் தம்புள்ளை மரக்கறித் தோட்டங்களுக்கு நல்ல உரம்.

வெப்பம்தான் பெரிய சவால். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. மூச்சிரைத்தே உடலைக் குளிர்விக்கும். அப்போது இரத்தத்திலிருந்து காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. முட்டை ஓடு பெரும்பாலும் கல்சியம் காபனேற்று என்பதால், அந்தக் காபனேற்றுக்கு வேண்டிய மூலப்பொருளே குறைந்துபோகிறது. வெக்கையில் கோழி தீனும் குறைவாகவே உண்ணும். ஓடு மெலிந்து முட்டைகள் உடைகின்றன.

மூடிய கொட்டகையில் ஒரு முனையில் நீர் வடியும் ஈரத்திரையும் மறுமுனையில் பெரிய விசிறிகளும் இருக்கும். உள்ளே இழுக்கப்படும் காற்று திரையின் நீரை ஆவியாக்கிக் குளிர்கிறது. காற்று உலர்ந்திருந்தால்தான் இது நன்றாக நடக்கும். தம்புள்ளை, கலேவெலப் பகுதிகளின் வறண்ட மாதங்களுக்கு இது பொருந்தும். ரத்தோட்டையின் மலைச்சாரலில் காற்றே ஈரமானது. அங்கே காற்றின் வேகத்தையே நம்ப வேண்டும். ஒரே மாவட்டத்துக்குள் ஒரே வடிவமைப்பு போதாது.

இன்னொன்று மின்சாரம். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறைத் துணை மின்நிலையக் கோளாறால் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. மூடிய கொட்டகையில் விசிறி நின்றால், வெக்கையில் கோழிகள் கூட்டமாக மடியும். தானாக இயங்கத் தொடங்கும் மின்பிறப்பாக்கியும் அபாய மணியும் இல்லாமல் இந்தத் தொழிலில் இறங்கக் கூடாது.

இவையெல்லாம் இருந்தாலும் ஒரு குறை மிஞ்சும். முட்டையிடுமுன் மறைவிடம் தேடுவது கோழியின் பிறவிக் குணம். மறைவிடமில்லாத வெறுங்கூண்டில் அது அமைதியின்றித் தவிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் வெறுங்கூண்டைத் தடைசெய்தது. கூண்டில் வளர்த்தால் கோழி ஒன்றுக்கு 750 சதுர சென்ரிமீற்றர் இடமும், முட்டையிட மறைவிடமும், அமரத் தண்டும், கிளறிக் கொத்த இடமும் வேண்டும் என்றது. கூண்டு ஒருமுறை நிறுவினால் பல ஆண்டுகள் நிற்கும். பிறகு மாற்றுவது பெருஞ்செலவு. ஆகவே மாத்தளையில் புதிதாகப் பணம் போடுபவர்கள் வெறுங்கூண்டைத் தவிர்த்து, இந்த வசதிகளை முதல் நாளே திட்டத்தில் சேர்க்க வேண்டும். வங்கிக் கடனும் அரச உதவியும் அத்தகைய பண்ணைகளுக்கே முதலில் போகட்டும்.