போர் எதற்கு உவமை?

விளையாட்டுப் பயிற்சியாளர் தன் அணியைப் படை என்கிறார். ஆட்டம் போர், எதிரே நிற்பவன் எதிரி, மைதானம் களம். நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வாசித்து வாசித்துப் பழகிப்போன மொழி. ‘பசங்களுக்கு ஒரு உசுப்பேத்தச் சொல்றதுதானே, இதுக்குப் போயி ஒரு கட்டுரையா?’ என்று கேட்கலாம். சும்மா சொல்லப்படுகிற சொல் என்று ஒன்று கிடையாது என்பது என் கட்சி. அதிலும் அதிகாரத்தில் இருப்பவர் சொல்லும்போது.

தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் எல்லாரும் உவமையியலைக் கடந்துதான் வந்திருப்போம். ஒன்றை எதனோடு ஒப்பிடுகிறோமோ அது உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்று தொல்காப்பியர் ஒரு விதி வைக்கிறார். பரீட்சைக்கு உருப்போட்டு மறந்த விதி. இதை அழகியல் விதியாக மட்டும் பார்க்காமல் அதிகாரத்தின் விதியாகவும் வாசிக்க முடியும். உவமை பொருளை விளக்குகிறது. கூடவே, எது மேல் எது கீழ் என்ற படிநிலையையும் சத்தமில்லாமல் நிறுவிவிடுகிறது. ‘ஆட்டம் போரைப் போன்றது’ என்று சொன்ன மாத்திரத்தில் போர் உயரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆட்டத்தின் மதிப்பு போரிடமிருந்து கடனாக வருகிறது. ஆட்டத்தைப் புகழ்வதுபோலத் தொடங்கும் பயிற்சியாளர் கடைசியில் புகழ்ந்து முடிப்பது போரை.

உருவகம் மொழிக்கு மாட்டிய நகை அல்ல, நாம் யோசிப்பதும் நடந்துகொள்வதும் அதன்வழியேதான் என்று லேகாஃபும் ஜான்சனும் 1980இல் எழுதினார்கள். விவாதத்தைப் போராகப் பேசும் சமூகம் விவாதத்தைப் போராகவே நடத்தும். அப்படியானால் விளையாட்டைப் போராகப் பேசும் இடத்தில் என்ன நடக்கிறது? இந்த மொழி முற்றிப்போன இடம் அமெரிக்கா. அவர்கள் ‘ஃபுட்பால்’ என்று சொல்லும் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம்.

பெயர்தான் கால்பந்து, பெரும்பாலும் கையால்தான் ஆடுகிறார்கள். பக்கத்துக்குப் பதினொரு பேர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜ நிலத்தைப் பிடிக்க வேண்டும்; பிடித்தால் மேலும் நான்கு முயற்சி, இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. நிலம் பிடிக்கிற ஆட்டம் என்பதால் போர்ச்சொற்கள் ஒட்டிக்கொள்ளத் தோதாக இருக்கிறது. முன்வரிசை மோதும் இடம் ‘பதுங்குகுழி’. நெடுந்தூரம் எறியும் பந்து ‘பாம்’. பந்தெறிபவன்மேல் பலர் ஒன்றாகப் பாய்வது ‘பிளிட்ஸ்’. இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானிய மின்னல் தாக்குதலிலிருந்து வந்த சொல் அது. பந்தெறிபவனுக்குக் ‘களத் தளபதி’ என்று பெயர். ஆனால் உண்மையான தளபதி எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர்தான்.

தளபதிக்கு என்ன உரிமை கிடைக்கிறது? கேள்வி கேட்க முடியாத கட்டளை. 1954 செப்டம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரியின் பயிற்சியாளர் பேர் பிரையன்ட், தன் ஆட்டக்காரர்களை ஜங்ஷன் என்ற சிற்றூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். வறட்சிக் காலம், கொளுத்தும் வெயில். பத்து நாள் பயிற்சி, பயிற்சி நேரத்தில் தண்ணீர் கிடையாது. பாதிக்கு மேற்பட்டவர்கள் பாதியிலேயே ஊர் திரும்பிவிட்டார்கள். மிஞ்சியவர்களை வைத்து ஆடிய பத்து ஆட்டங்களில் ஒன்பதில் தோல்வி. ஆனால் 1956இல் அதே கல்லூரி தன் வட்டாரப் பட்டத்தை வென்றதும், ஜங்ஷன் முகாம் ஆண்மையின் புராணமாக மாறிப்போனது. தாகம் எடுப்பது பலவீனம், ஓடிப்போனவன் கோழை என்ற பாடம் தலைமுறைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. தோல்வியை யாரும் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை.

புராணம் பழசாகிவிடவில்லை. 2018 மே மாதம் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பயிற்சியின்போது 19 வயது மாணவர் ஒருவர் வெப்பத்தாக்கில் விழுந்தார். உடம்பைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்துவதுதான் இதற்கு அறியப்பட்ட முதல் வைத்தியம், அது செய்யப்படவில்லை. ஜூனில் அவர் இறந்தார். சட்டப்படியும் அறப்படியும் பொறுப்பு தன்னுடையது என்று பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. வெப்பத்தாக்கு ஒரு மருத்துவப் பிரச்சினை. ஆனால் படைவீரன் என்று பெயர் வாங்கிய பையன் ‘எனக்கு முடியல’ என்று சொல்லுவது அந்தச் சொல்லாடலுக்குள் சரணடைவதாகிவிடுகிறது. உவமை உடம்பைத் தொடுகிற இடம் இது.

இனி மறுபக்கம். ஆட்டத்துக்குப் போரை உவமையாக்கியவர்கள், போருக்கு ஆட்டத்தையும் உவமையாக்கினார்கள். 1972இல் நிக்சன் அரசு வட வியட்நாமின்மேல் நடத்திய குண்டுவீச்சுக்கு வைத்த பெயர் ‘லைன்பேக்கர்’. முன்வரிசைக்குப் பின்னால் நின்று தடுக்கும் ஆட்டக்காரனின் பெயர் அது. அந்த டிசம்பரில் நடந்த இரண்டாவது ‘லைன்பேக்க’ரில் ஹனோயின் பாக் மாய் மருத்துவமனைமேலும் குண்டு விழுந்தது. நகரில் 1,300க்கு மேற்பட்டோர் இறந்ததாக வியட்நாம் கணக்குச் சொல்கிறது. 1991 வளைகுடாப் போரில் தன் படைகளை மேற்கே பெரிய வளைவாக நகர்த்தியதை விளக்கிய தளபதி ஷ்வார்ஸ்காப், அதை ஆட்டத்தின் கடைசி நொடியில் எறியும் நீளப் பந்தோடு ஒப்பிட்டார். இங்கே தொல்காப்பியர் விதி தலைகீழாக வேலை செய்கிறது. போரை உயர்த்தியாயிற்று, இப்போது அதன்மேல் இருக்கும் ரத்தத்தைக் கழுவ வேண்டும். அதற்கு ஆட்டம் வேண்டும். ஆட்டத்தில் விதிகள் உண்டு, நேரம் முடிந்தால் எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். ஹனோயில் யார் எழுந்து போனார்கள்?

பாட் டில்மன் கதை இந்த இரண்டு பக்கமும் சந்திக்கும் இடம். அரிசோனா கார்டினல்ஸ் அணி தரவிருந்த 36 லட்சம் டாலர் ஒப்பந்தத்தை உதறிவிட்டு 2002இல் அவர் ராணுவத்தில் சேர்ந்தார். 2004 ஏப்ரல் 22இல் ஆப்கானிஸ்தானில் இறந்தார். எதிரியோடு மோதி வீழ்ந்தார் என்று ராணுவம் அறிவித்தது, வெள்ளி நட்சத்திரப் பதக்கம் கொடுத்தது. சுட்டது சொந்தப் படைக்காரர்கள் என்ற உண்மை குடும்பத்துக்குச் சொல்லப்பட ஐந்து வாரம் ஆயிற்று. மே தொடக்கத்தில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான அஞ்சலிக் கூட்டம் பொய்யோடேயே நடந்து முடிந்தது. 2007இல் தாயும் தம்பியும் காங்கிரஸ் விசாரணையில் இந்தப் பொய்யை எதிர்த்துச் சாட்சி சொன்னார்கள். ஆட்டக்காரன் போர்வீரன் ஆனான் என்ற கதை அரசுக்கு அவ்வளவு தேவைப்பட்டது. அந்தக் கதைக்குள் அடங்காத சாவை அடங்கும்படி திருத்தி எழுதினார்கள்.

இந்த உவமையை யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாமா என்றால் அதுவும் இல்லை. 2003 நவம்பரில், ஈராக்கில் போர் நடந்துகொண்டிருந்தபோது, மயாமி பல்கலைக்கழக ஆட்டக்காரர் கெல்லன் வின்ஸ்லோ ஓர் ஆட்டத்தில் தோற்ற ஆத்திரத்தில் ‘இது போர், நான் ஒரு சிப்பாய்’ என்ற பாணியில் கத்தினார். நாடே அவரைத் திட்டியது. மறுநாளே மன்னிப்புக் கேட்டார். இருபது வயதுக் கறுப்பின மாணவர். பயிற்சியாளர்கள் ஓய்வறையில் காலங்காலமாகச் சொல்லிக்கொடுத்த பாடத்தைத்தான் அவர் ஒப்பித்தார். போரை உவமையாக்கும் உரிமை கட்டளை இடுபவனுக்கு, கீழ்ப்படிபவனுக்கு அந்த உவமைக்குள் வாழும் கடமை மட்டும். இதில் காசும் புழங்குகிறது. மைதானங்களில் நடந்த சிப்பாய் வரவேற்புகள், கொடி விரிப்புகள் போன்றவற்றுக்காக அணிகளோடு போட்ட ஒப்பந்தங்களில் பாதுகாப்புத் துறை 2012 முதல் 68 லட்சம் டாலர் செலவிட்டதாக மெக்கெய்ன், ஃபிளேக் என்ற இரு செனட்டர்கள் 2015இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. தேசபக்தி தானாகப் பொங்கியதாகக் கூட்டம் நினைத்துக்கொண்டிருந்தது.

அமெரிக்காக்காரன் வியாதி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. போர் என்றால் என்ன என்று விளக்க வந்த கிளாஸ்விட்ஸ் தன் நூலின் தொடக்கத்திலேயே இரண்டு மல்லர்களைத்தான் கூப்பிடுகிறார். நம்மிடமும் உண்டு. புறநானூறு 80ஆம் பாட்டில் சாத்தந்தையார் பாடுவது ஆமூர் மல்லனோடு போரவைக் கோப்பெருநற்கிள்ளி பிடித்த மற்போரை. அதற்குத் திணை வகுத்தவர்கள் அதைத் தும்பையில், அதாவது போரில், கொண்டுபோய் வைத்தார்கள். மல்லுக்குத் தனியாக ஒரு மரியாதை தர மனம் வரவில்லை.

இதை வாசிக்கிற நாமும் வெளியே நிற்கவில்லை. ‘அவாந்-கார்ட்’ என்று நாம் தூக்கிப் பிடித்த சொல் பிரெஞ்சுப் படையின் முன்னணித் துருப்புக்கு உரிய சொல். முகாம், அணி, தாக்குதல், களம், துரோகி என்றுதான் சிறுபத்திரிகை விமர்சனமும் இயக்கப் பேச்சும் நடக்கின்றன. இந்தச் சொற்களை எல்லாம் நாளைக்கே தூக்கியெறியச் சொல்லவில்லை. ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் வாழ்வைப் போர் என்று சொல்லும்போது பல நேரம் அது உவமையே இல்லை, தகவல். ஆனால் தலைமையில் இருப்பவர் ‘இது போர்’ என்று சொன்னால் அந்தக் கணத்தில் இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். இந்த வாக்கியத்தால் தளபதி ஆகிறவர் யார்? இதற்கு அப்புறம் தண்ணீர் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க முடியாமல் போகிறவர் யார்?